பதினொரு சுற்று

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் ஓடுகிற லிஃப்ட்டுகளில் பாதி அவர் கைபட்டவை. ஆனால் அவர் சொகுசாக லிஃப்ட்டில் ஏறிப்போய் நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன பிறகுதானே அவரைக் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு மாடியானாலும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் போவார். முழங்கால் என்னத்துக்கு ஆகும் என்று நான் கத்துவேன். "இறங்கும்போது சுலபமா இருக்குல்ல" என்பார்.

இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கதவை உதைப்பார்கள். இவரையும் இவர் பரம்பரையையும் சேர்த்துத் திட்டுவார்கள். இவர் வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? வயசானவங்க யாராவது இருக்காங்களா? பத்து நிமிஷம்தான். நான் இங்கயேதான் இருக்கேன், எங்கேயும் போகல" என்று பேசிக்கொண்டே வேலை செய்வார். கதவு திறந்ததும் ஒருத்தரும் நன்றி சொல்வதில்லை. "இவ்வளவு நேரமா?" என்று முறைத்துவிட்டுப் போவார்கள். அதற்கும் இவர் "மன்னிச்சிடுங்க" என்பார். நானாக இருந்தால் அவர்களை மறுபடி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

நான் அப்படித்தான். என்னையோ என்னைச் சேர்ந்தவர்களையோ ஒரு வார்த்தை சொன்னால் மறக்கமாட்டேன். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு நோட்டு, எதிரே பதினாறு தடங்கள். காலை ஐந்திலிருந்து பகல் ஒரு மணி வரை என் குரல்தான் அங்கே. பள்ளிக்கூடத்தில் என் பின்னலை மேசைக்காலில் கட்டியவள் இப்போதும் அந்தப் பக்கம் வந்து போகிறாள். ஜன்னலில் குனிந்து எந்தத் தடம் என்று கேட்டால் கடைசித் தடத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் பெட்டியோடு திரும்பி வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

இப்படிப்பட்ட எனக்கு இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி வாய்த்தது. அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆசை இருந்தது. வீட்டின் பின்பக்கம், தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையில், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது.

விளையாட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மறுத்தும் சொல்லமாட்டார், முகம் மட்டும் வாடும். பழைய கார் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிக்கொண்டு வந்து மரச்சட்டத்தில் பொருத்தினார். இரண்டு திரைகள், யாரோ வேண்டாம் என்று விற்ற ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதிகள். எதிரே இருக்கிற பலகை முழுக்க, கழித்துக் கட்டிய லிஃப்ட்டுகளின் பொத்தான்கள். தரைத்தளப் பொத்தானை அழுத்தினால் சக்கரம் இறங்கும். நான்காம் மாடியை அழுத்தினால் விளக்கு எரியும். ஒயர் எல்லாம் அவரே இழுத்து, அவரே பற்றவைத்தது.

பயணிகள் விமானத்தைத் தொடமாட்டார். சரக்கு விமானம்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பின்னாடி யாரும் கத்தமாட்டாங்க" என்றார். வேலை முடிந்து வந்து, குளித்து, டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு மணி நேரம். நான் வாசலில் நின்று பார்ப்பேன். மேகத்துக்கு மேலே வந்ததும் அவர் தோள் இரண்டும் தானாகத் தளரும். நாள் முழுக்கத் திட்டு வாங்கிய மனிதர் அங்கேதான் மூச்சு விட்டார்.

இனி என் தங்கை புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு சோபாக் கடை. கண்ணாடி முகப்பு, நான்கு விற்பனையாளர்கள், நடுவில் யாரும் உட்காரக் கூடாத ஒரு வெள்ளை சோபா. அதனால் எனக்கு அவன் பெயர் சோபா. நேரில் பார்த்தால் "வாங்க" என்பேன், மனதுக்குள் வேறு சொல்வேன். இவர் விமானம் ஓட்டுவதை ஒருநாள் எங்கள் வீட்டில் பார்த்துவிட்டு, மறுமாதமே அவனும் ஆரம்பித்தான். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை, அசைகிற நாற்காலி, நிஜ விமானத்தில் இருப்பது போலவே கருவிப் பலகை. எல்லாம் புத்தம் புதிது. விமானத்தைக் கிளப்பத் தெரியும். நடுவானில் இயந்திரம் தானே ஓட்டிக்கொள்ளும். இறக்கத்தான் வராது. அவன் இறக்குகிற சத்தம் கேட்டால் பீரோ சாய்ந்துவிட்டதோ என்று பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வரும்.

இப்படி வீட்டிலிருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பல நாட்டுத் தமிழர்கள். எல்லோருடைய விமானமும் ஒரே வானத்தில் தெரியும், ஒருவரோடு ஒருவர் மைக்கில் பேசிக்கொள்ளலாம். தரையில் கட்டுப்பாட்டு அறை போல உட்கார்ந்து, யார் எப்போது இறங்குவது என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களும் அவரவர் வீட்டில் இருந்துகொண்டு ஆசைக்குச் செய்கிறவர்கள்தான். சோபாவை அந்தச் சங்கத்தில் சேர்த்துவிட்டதே என் வீட்டுக்காரர்தான். வேலியில் போவதை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

சங்கத்துக்கு ஆண்டுவிழா வந்தது. முப்பது விமானங்கள் வரிசையாகப் பறக்க, முன்னால் வழிநடத்திப் போக இவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒரு சட்டை போடவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஓட்டுவதற்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே சோபாவின் பெரிய திரைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் இவர் குரல் கேட்டது. நான் டீத்தட்டோடு நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது சோபா தன் மைக்கை அழுத்தினான். "நம்ம தலைவர் நிஜத்துல யாரு தெரியுமா? லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. இப்ப மேல போவாரு, மூணாவது மாடியில நின்னுடுவாரு. யாராவது மணியை அடிச்சு வெளிய எடுங்கப்பா."

வானத்தில் முப்பது பேரும் சிரித்தார்கள். கூடத்தில் இருபது பேர் சிரித்தார்கள். என்னைப் பெற்றவளும் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. சிரிப்பு அடங்கியது. பிறகு இவர் குரல் வந்தது. "எல்லாரும் இடைவெளி விட்டு வாங்க. இடதுபக்கம் திரும்பறோம்." அவ்வளவுதான். முப்பது பேரையும் கூட்டிப்போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார்.

நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் அந்த இருக்கையையும் திரைகளையும் ஒரு போர்வையால் மூடிக்கொண்டிருந்தார். "வேலை ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வேலை விட்டு வந்ததும் முன்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே மாத்திரை போட்டேன். தங்கையோடு பேச்சை நிறுத்தினேன். அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலை மிதித்தால் உங்களோடும் பேசமாட்டேன் என்று இவரிடமும் சொல்லி வைத்தேன். ஆனால் பேசாமல் இருப்பது என்ன பழி? சோபாவுக்கு அதனால் ஒரு முடிகூட உதிராது. அவன் அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், அதே திரையில் மூக்குடைபட வேண்டும். அதன் பிறகு நான் வந்து அந்தப் போர்வையை எடுப்பேன், இவரை உட்காரவைப்பேன். எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

வழியை சோபாவே எனக்குச் சொல்லியிருந்தான். முன்பு ஒருநாள் எங்கள் வீட்டில் அவன் புலம்பியது நினைவுக்கு வந்தது. "கட்டுப்பாட்டு அறையில இருக்கறவன் எவனோ ஒரு பொடியன். ஆனா வட்டமடின்னு சொன்னா அடிச்சுத்தான் ஆகணும். எதுத்துப் பேசினா சங்கத்துலேர்ந்தே தூக்கிடுவாங்க." எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் எது எந்தத் தடத்தில், எப்போது வந்து நிற்க வேண்டும் என்று மைக்கில் சொல்வதைத் தவிர இருபத்தாறு வருடமாக நான் வேறென்ன செய்தேன்?

பகல் ஒன்றரைக்கு வீட்டுக்கு வருவேன். அவர் வர ஏழு ஆகும். போர்வையின் மடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு எடுப்பேன். பெயர் தெரியாதபடி எண் மட்டும் கொடுத்துச் சங்கத்தில் சேர்ந்தேன். பாடங்கள் படித்தேன். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவது தடவை தேறினேன். பிறகு செய்முறைப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் எங்கோ ஒரு நாட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறவள், முகம் பார்த்ததில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுவதெல்லாம் ஆங்கிலம், அதுவும் அளவெடுத்த நூறு வாக்கியங்கள். "உங்க குரல்ல கோபமே இல்ல. அது பெரிய வரம்" என்று அவள் ஒருநாள் பாராட்டினாள். நான் பணிவாக நன்றி சொன்னேன். ஆறரைக்குப் போர்வையை அதே மடிப்போடு மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பதினோரு மாதம். இவரிடம் நான் மூச்சு விடவில்லை.

அடுத்த ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. இறங்கு வரிசையைக் கவனிக்கிற பொறுப்பை மூன்று மாதம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் அம்மா போன் செய்தாள். "நாளைக்கு எல்லாரும் அங்கதான் வராங்க. சாயங்காலம் அவரு விமானத்தை இறக்கறதை எல்லாரும் பாக்கணுமாம். உன் கோபத்தை மூட்டை கட்டி வெச்சிட்டு நீயும் வாயேன்."

"எனக்கு வேற வேலை இருக்கும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை.

இவரை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் கவலை. அதுவும் தானாக நடந்தது. மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் நின்னுடுச்சாம். வர நேரமாகும்" என்றார். கொஞ்ச நாளாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுகொண்டுதான் இருந்தது. சட்டை இஸ்திரி போட்டது என்பதைப் பார்த்தேன். கிரீஸ் கறை படுமே என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு அன்று நேரமில்லை.

போர்வையை எடுத்தேன். ஹெட்போனை மாட்டினேன். திரையில் முப்பத்து நான்கு புள்ளிகள், நான்கு திசையிலிருந்தும் என் விமான நிலையத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அதன் அழைப்புப் பெயர். சோபா தனக்கு 'நம்பர் ஒன்' என்று வைத்துக்கொண்டிருந்தான். அவன் பயண விவரத்தைத் திறந்தேன். பயணத்துக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்தான். எரிபொருள் மூன்றரை மணி நேரத்துக்கு. பாரம் குறைவாக இருந்தால் மெதுவாக இறங்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், சிக்கனமாக நிரப்பியிருந்தான். ஆக, அவனிடம் மிச்சம் ஐம்பது நிமிடம்.

ஒரு வட்டம் அடிக்க நான்கு நிமிடம். பதினொரு வட்டத்துக்கு நாற்பத்து நான்கு. அதன் பிறகு இறங்கலாம் என்று சொன்னால் கையில் ஆறு நிமிடம் இருக்கும். ஓடுபாதைக்கு வந்து சேரப் பத்து நிமிடம் வேண்டும். இந்தக் கணக்கை நான் தாளில்கூடப் போடவில்லை.

தப்பிக்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. எரிபொருள் குறைவு என்று விமானி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மற்ற எல்லோரையும் ஒதுக்கிவிட்டு அவனை இறக்கியே ஆக வேண்டும். அது விதி. மீறினால் என் பொறுப்புக்கே உலை வைக்கிற விதி. ஆனால் இருபது சொந்தக்காரர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பெட்ரோல் போதவில்லை என்று சோபா சொல்லமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

சரியான நேரத்துக்கு வந்தான். ஹெட்போனில் அந்தக் கனத்த குரல். நம்பர் ஒன் இறங்க அனுமதி கேட்கிறது என்றான்.

வட்டமடித்துக் காத்திருங்கள் என்றேன். பேருந்து தாமதம் என்று சொல்கிற அதே குரலில்.

"சரி" என்றான்.

அந்தச் சரியைக் கேட்க நான் பதினோரு மாதம் படித்தேன். இனித்தது. சொல்ல வெட்கமாக இல்லை, அவ்வளவு இனித்தது. அவனுக்குப் பின்னால் வந்தவனை முன்னால் கூப்பிட்டு இறக்கினேன். அடுத்து இன்னொருத்தன். மூன்றாவது வட்டத்தில் சோபா மறுபடி கேட்டான். காத்திருங்கள் என்றேன். ஐந்தாவதில் குரலில் மினுக்கு குறைந்திருந்தது. அவன் பின்னால் யாரோ கேள்வி கேட்பதும், குழந்தைகள் சலித்துக்கொள்வதும் மைக்கில் லேசாகக் கேட்டது. என் அம்மாவும் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகப் பார் அம்மா, இன்றைக்கும் சிரி.

ஏழாவது வட்டத்தின்போது ஒன்று உறுத்தியது. வட்டங்கள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. போகிற பக்கம் ஒரு நிமிடம், திரும்புவதற்கு ஒரு நிமிடம், ஒரு நொடி கூடவில்லை, குறையவில்லை. காற்றுக்கு ஏற்றபடி மூக்கை வளைத்து, கோட்டின் மேல் கோடாகப் போயின. இவனுக்கு ஏது இவ்வளவு ஒழுங்கு என்று தோன்றியது. இயந்திரம் தானே ஓட்டும், இவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான் என்று அதை ஒதுக்கினேன்.

ஒன்பது. பத்து. ஒவ்வொரு தடவையும் காத்திருங்கள் என்றேன், ஒவ்வொரு தடவையும் சரி வந்தது. பத்தாவது சரி மட்டும் உடனே வரவில்லை. சொல்லிவிடுவானோ என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சொல்லவில்லை.

பதினொன்று முடிந்தது. இறங்கலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

புள்ளி வளைந்து ஓடுபாதையை நோக்கித் திரும்பியது. உயரம் இறங்கியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் வேகம் விழுந்தது. இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் இருந்தது. புள்ளி அப்படியும் தள்ளாடவில்லை, நீண்ட சரிவில் நழுவி வந்தது. மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது நேர்கோட்டை விட்டு மெல்ல வலதுபக்கம் விலகியது. பயத்தில் வழி தவறிவிட்டான் என்று நினைத்தேன். அங்கே வரைபடத்தில் ஓர் ஏரி நீலமாக இருந்தது. புள்ளி அதன் நடுவில் போய் நின்றது. பிறகு மறைந்தது.

மிச்சமிருந்த நான்கு விமானங்களையும் இறக்கிவிட்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் தனியாக நின்று கை தட்டினேன். போர்வையை மூடவில்லை. இனி எதற்கு? அவர் வரட்டும், இந்த இருக்கையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லலாம் என்று விளக்கைக்கூட அணைக்காமல் வைத்தேன்.

போன் அடித்தது. தங்கை. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக எடுத்தேன். அவள் அழுவாள், என் புருஷன் மானம் போச்சே என்பாள், அப்போது என்ன கேட்க வேண்டும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்விகள் தயாராக இருந்தன.

"அக்கா, மாமா அங்க வந்துட்டாரா?" என்றாள். "யார்கிட்டயும் சொல்லாம கிளம்பிட்டாருக்கா. பையைக்கூட இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு பயமா இருக்கு."

"எந்த மாமா?"

"உன் வீட்டுக்காரருதான்க்கா. இங்கதான் இருந்தாரு. அவருதான் ஓட்டினாரு."

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் முன்பு சோபா ஏதோ ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் இவரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டானாம். ஆண்டுவிழாவில் எல்லோரும் பார்க்க இறக்க வேண்டும், தனக்கு அது வராது, துணைக்கு வந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஓட்டுங்கள் அண்ணே, மைக்கில் நான் பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சினானாம். இவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம். விமானம் இறங்கியதும், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே எனக்குப் போன் செய்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சோபா ஒப்புக்கொண்டானாம். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பழகினாராம். எனக்குத் தெரிந்தால் விடமாட்டேன் என்று லிஃப்ட் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

பாடத்தில் படித்திருக்கிறேன். விமானத்தில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் தரையோடு பேசுவார். பரீட்சையில் அதற்கு நான் சரியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

"விழுந்ததும் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரரு உடனே எழுந்திருச்சு, நான் சும்மா பேசினேன்பா, ஓட்டினது அண்ணன்தான்னு சொல்லிட்டாருக்கா. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. லிஃப்ட் கிணத்துல விழுந்துடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. அம்மாவும்..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

ஏழரைக்கு அவர் வந்தார். முன்னறையில் நிற்காமல் நேராகப் பின்பக்கம் வந்தார். திறந்து கிடந்த இருக்கையையும், எரிந்துகொண்டிருந்த திரையையும், என் காதோரம் பதிந்திருந்த ஹெட்போன் தடத்தையும் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"சாப்டியா?" என்றார்.

"என்னங்க, நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

"தெரியும். உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." கதவுநிலையில் சாய்ந்துகொண்டார். "ஹெட்போன்ல எனக்கு மட்டும் முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுபோச்சு. இருபத்து மூணு வருஷமா கேக்கற குரலாச்சே. நல்லா பண்ற. மத்த ஆளுங்களையெல்லாம் ரொம்ப அழகா இறக்கின."

அந்தப் பாராட்டு என்னை அறைந்தது. "அப்புறம் ஏங்க சொல்லல? ஃப்யூயல் இல்லன்னு அந்த ஆளை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தா நான் இறக்கியே ஆகணுமே."

"அவரும் கேட்டாரு. பத்தாவது சுத்துல, சொல்லட்டுமா அண்ணேன்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"சொல்லிட்டா அது விதிக்காக இறக்கின மாதிரி ஆயிடும்." சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "நீயா போதும்னு நினைப்பன்னு பாத்தேன். ஒவ்வொரு சுத்துக்கும், இந்தத் தடவை சொல்லிடுவா, இந்தத் தடவை சொல்லிடுவான்னு நினைச்சேன்."

ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, கடைசியில் ஏன் விலகிப் போனீர்கள் என்று கேட்டேன்.

"நேரா வந்திருந்தா வீடுங்க மேல விழுந்திருக்கும்" என்றார். கம்ப்யூட்டரில் வரைந்த வீடுகள். உள்ளே ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது.

நான் செருப்பைத் தேடினேன். அங்கே போய் எல்லோர் முன்னாலும், விழவைத்தவள் நான்தான், இவர் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லப் போகிறேன் என்றேன். அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அவர் என்னை மறித்தது அன்றுதான் முதல்தடவை.

"வேணாம். ஃப்யூயலை நான் சரியா பாக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதோட முடிஞ்சுபோச்சு. நீ போய்ச் சொன்னா புருஷனையே கவுத்தவள்னு காலம்பூரா உன்னைச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்குப் பழகிடுச்சு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடு."

மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, அந்த இருக்கையைச் சட்டத்திலிருந்து கழற்றினார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டார். நான் வாசலில் நின்று கெஞ்சினேன். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வருடம் ஆகிறது. எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் ஏரிக் கதையை எடுக்கிறார்கள். சோபா நடித்தே காட்டுகிறான். அவர் ஓரமாக உட்கார்ந்து, தானும் சேர்ந்து லேசாகச் சிரிக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் சொல்லி அந்த வாக்கை இப்போது மீறிவிட்டேன். அன்று அந்த விமானத்தில் ஒரு பிழையும் இல்லை. பதினொரு தடவையும் காத்திருக்கச் சொன்னது நான். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அம்மா, நீயும்தான்.